பாவ்லி குறைந்தவள்

மஹுவா ஊரில் ஒருவருக்குப் புத்தி பிசகியிருக்கிறது என்று சொல்ல யாரும் நீட்டி முழக்கமாட்டார்கள். "அவளுக்குப் பாவ்லி குறைவு" என்று முடித்துவிடுவார்கள். பாவ்லி என்றால் நாலணா. ரூபாயில் நாலணா குறைந்தால் அது ரூபாய் ஆகாது. ஆளில் நாலணா குறைந்தால் ஆள் ஆகாது. மோங்கிக்கு அந்தப் பட்டம் ஒன்பது வயதிலேயே கிடைத்துவிட்டது.

கொடுத்தவர் பள்ளிக்கூட வாத்தியார். வண்கர் தெரு ஊர் தீண்டாத நெசவாளர் தெரு; அதன் பிள்ளைகள் தண்ணீர்ப் பானையைத் தொடக்கூடாது. கையைக் குவித்து நிற்க வேண்டும். யாராவது உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். ஒருநாள் மோங்கி குடித்து முடித்து, பாவாடையில் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"சாஹேப், பானையில இருந்து என் கை வரைக்கும் தண்ணி அறுபடாமத்தானே வருது? அப்போ தீட்டு அது வழியா மேல ஏறிப் பானைக்குள்ள போயிடாதா?"

சாஹேப் அன்று மாலை வரை அந்தப் பானையிலிருந்து குடிக்கவில்லை. "இவளுக்குப் பாவ்லி குறைவு" என்று மட்டும் சொன்னார். பதில் இல்லாதவர்கள் கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டவளை எடைபோடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான்.

மோங்கி என்ற பெயருக்கு விலை கூடியவள் என்று பொருள். அவள் பிறந்த எழுபத்துநாலில் மழை இல்லை, கம்பு விலை கூரையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அந்த வருஷத்தின் நினைவாக வைத்த பெயர். மற்றபடி அவளை யாரும் விலை கூடியவளாக நடத்தவில்லை. பதினாறு வயதில் வெங்காய ஆலைக்குப் போனாள். அங்கே வெங்காயம் சீவிக்கொண்டே தபால் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வணிகம் எழுதித் தேறினாள். கப்பல் உடைக்கப் போன புருஷன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். "அந்தக் கணக்கைக் கழிச்சாச்சு" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு மகளை வளர்த்தாள். மகள் இப்போது பாவ்நகரில் நர்சு படிப்பு. கட்டணம் அரையாண்டுக்கு ஒருமுறை.

ஆலை ஹர்சுக் சேட்டுடையது. வெள்ளை வெங்காயத்தைச் செதிலாக நறுக்கி, உலர்த்தி, கப்பலில் ஏற்றுவார்கள். இயந்திரத்துக்குள் போகுமுன் ஒவ்வொரு வெங்காயத்துக்கும் தலையும் வேரும் சீவ வேண்டும். அதற்கு முந்நூற்று அறுபது பெண்கள், வரிசைக்கு நாற்பது பேராக ஒன்பது வரிசை. ஒரு கூடை சீவிக் கொடுத்தால் ஒரு தகர வில்லை. மாலையில் வில்லைகளை ஜன்னலில் கொடுத்தால் அன்றைய கூலி. சீவுகிற பெண்களுக்குக் கண்ணீர் வருவது முதல் வாரத்தோடு நின்றுவிடும். அந்த ஆலையில் வருஷக்கணக்காக அழுதுகொண்டிருந்தது ஹர்சுக் சேட் ஒருவர்தான். கைக்குட்டை இல்லாமல் அவர் முற்றத்தில் இறங்கியதில்லை.

மோங்கி சீவுகிற இடத்திலிருந்து ஜன்னலுக்கு வந்தது ஒரு வாக்குவாதத்தால். அப்போது ஜன்னலில் சேட்டின் உறவுக்காரன் ஒருவன் இருந்தான். ஆறு நாள் தொடர்ந்து அவள் கணக்கில் ஒரு கூடை, இரண்டு கூடை தவறியது. ஏழாம் நாள் அவள் சேட்டின் முன்னால் போய் நின்றாள்.

"பையன்தானே மோங்கி, கை தவறியிருக்கும்" என்றார் சேட்.

"கை தவறினா ரெண்டு பக்கமும் தவறணும் சேட். ஒருநாளாவது எனக்கு ஒரு ரூபா கூட வந்திருக்கணும். ஆறு நாளும் ஒரே பக்கமா சாயுறதுக்குப் பேரு தவறு இல்ல."

சேட் வாய்விட்டுச் சிரித்தார். தப்புக் கண்டுபிடிக்கிறவளை வெளியே வைப்பதைவிட உள்ளே வைப்பது மலிவு என்று அவருக்குத் தெரியும். மாதச் சம்பளத்தில் ஜன்னலில் உட்காரவைத்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் தட்டோடு தேநீர் வந்தது. அவளுக்கு மட்டும் ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு குவளையில் வந்தது. இரண்டாம் நாள் அவள் வீட்டிலிருந்து தட்டும் கோப்பையும் கொண்டுவந்து, பேரேட்டுக்குப் பக்கத்தில், நடு மேஜையில் வைத்தாள். மற்றவர்கள் "பாவ்லி குறைவு" என்று முணுமுணுத்ததோடு சரி.

ஒன்பது வருஷம் அந்த ஜன்னலில் கூட்டினாள், பெருக்கினாள், கழித்தாள். கணக்கு எழுதும் வேலை என்றால் என்னவோ மந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. நாலு செயல்தான். ஆனால் அந்த நாலையும் யார் பக்கம் நின்று செய்கிறோம் என்பது ஐந்தாவது செயல். அதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தருவதில்லை.

கூடைக்குக் கூலி மூன்றே முக்கால் ரூபாய். இந்த ஊரில் யாரும் மூன்றே முக்கால் என்று சொல்லமாட்டார்கள். "போணா சார்" என்பார்கள். நாலுக்குக் கால் குறைவு. சொல்லிலேயே கணக்குப் போடும் வழி இருக்கிறது. இருபத்தொன்பது கூடையா? நாலு ரூபாய் வீதம் நூற்றுப் பதினாறு. அதில் கூடைக்கு ஒரு கால் கழிய வேண்டும்; இருபத்தொன்பது கால் என்றால் ஏழேகால் ரூபாய். நூற்றுப் பதினாறில் ஏழேகால் போனால் நூற்று எட்டே முக்கால். கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களும் இதை வரிசையில் நிற்கும்போதே மனதில் போட்டுக்கொண்டுதான் ஜன்னலுக்கு வருவார்கள்.

இரண்டாயிரத்துப் பதினொன்று ஜூன் கடைசியில் அரசாங்கம் பாவ்லியைச் செல்லாது என்று அறிவித்தது. எட்டணா சட்டப்படி உயிரோடுதான் இருந்தது. ஆனால் எந்தக் கடைக்காரனும் கையில் வாங்கவில்லை, பதிலுக்கு ஒரு புதினா மிட்டாயைத் தள்ளினான். அடுத்த ஜனவரியில் வெங்காயப் பருவம் தொடங்கிய முதல் நாளே சேட் ஜன்னலுக்கு வந்து, கைக்குட்டையால் கண்ணை ஒற்றியபடி சொன்னார்:

"மோங்கிபென், இனிமே காசுத் தொல்லை வேண்டாம். கால், அரைன்னு எதுவும் எழுதாதே. முழு ரூபாய் மட்டும் குடு."

"கால் வந்தா கீழ இறக்கணுமா, மேல ஏத்தணுமா சேட்?"

"பாவ்லியே செத்துப்போச்சு. செத்ததை எங்க ஏத்துறது?"

அன்று மாலை வரிசையில் முதலாவதாக வந்தவள் கட்வி. கட்வி என்றால் கசப்பு, நாக்கு பெயருக்கேற்றது. மோங்கியோடு பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து சீவியவள்.

"இருபத்தொன்பது வில்லை. எடு, நூத்தியெட்டே முக்கால்" என்றாள் கட்வி.

"நூத்தியெட்டு."

"என்னது? ஏன்டி, ஜன்னல்ல உக்காந்து உக்காந்து உனக்குக் கணக்கு மறந்துபோச்சா?"

"மறக்கல. சேட் உத்தரவு."

"முக்கால் ரூபா எங்கே?"

"செத்துப்போச்சாம்."

"செத்துச்சா? அப்போ பொணத்தையாவது குடுடி. நான் தூக்கிட்டுப் போய்ப் பொதைச்சிக்கிறேன்!"

வரிசை சிரித்தது. மோங்கி சிரிக்கவில்லை. நூற்று எட்டு ரூபாயை எண்ணி நீட்டியபோது அவள் கை தன் கையாக இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன் இதே ஜன்னலில் இருந்தவனின் கையாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு அவள் அன்றைய பக்கத்தை மறுபடி கூட்டினாள். முக்கால் ரூபாய் இழந்தவர்கள் தொண்ணூற்றிரண்டு பேர், அறுபத்தொன்பது ரூபாய். அரை ரூபாய் இழந்தவர்கள் எண்பத்தேழு பேர், நாற்பத்து மூன்றரை. கால் இழந்தவர்கள் தொண்ணூற்றொன்பது பேர், இருபத்துநாலே முக்கால். மொத்தம் நூற்று முப்பத்தேழே கால். இது ஒரு நாளைக்கு. பருவம் நூற்று நாற்பது நாள். பெருக்கினாள்: பத்தொன்பதாயிரத்து இருநூற்றுப் பதினைந்து.

செத்துப்போன காசுக்கு இவ்வளவு எடையா?

தாளை எடுத்துக்கொண்டு தலைமைக் கணக்கரிடம் போனாள். அவரை எல்லோரும் மேத்தாஜி என்பார்கள். விரஜ்லால் என்ற பெயர் அவருடைய வீட்டுக்காரிக்குக்கூட நினைவிருந்ததா தெரியாது. சேட்டின் அப்பா காலத்திலிருந்து நாற்பத்தோரு வருஷம் அதே மெத்தையில் அதே சாய்மானத்தில் உட்கார்ந்து எழுதுகிறவர். கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை வாய்ப்பாடுகள் அத்தனையும் அவர் நாக்கில் ஓடும். நீங்கள் எண்ணைச் சொல்லி முடிக்குமுன் அவர் விடையைச் சொல்லியிருப்பார்.

"மேத்தாஜி, இந்த நூத்தி முப்பத்தேழே காலை எந்தத் தலைப்புல வைக்கிறீங்க?"

"கசர் கணக்குல. தள்ளுபடி, சில்லறைக் குறைவு எல்லாம் அங்கதானே போகும்."

"யாரு தள்ளினது? முந்நூத்தி அறுபது பேர்ல ஒருத்தியாவது வந்து, எனக்கு வேணாம், தள்ளிக்கோங்கன்னு சொன்னாளா?"

"ஒரு பாவ்லிக்கு இவ்வளவு பேச்சா மோங்கி?"

"சின்னத் தொகைதானே மேத்தாஜி. அப்போ குடுத்துடலாமே. குடுக்கும்போது மலையா இருக்கிறது, எடுக்கும்போது மட்டும் எப்படித் தூசியாயிடுது?"

மேத்தாஜி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஊர்ல உன்னைச் சொல்றது சரிதான். உனக்குப் பாவ்லி குறைவு."

"எனக்கு முழு ரூபாயும் இருக்கு. பாவ்லி குறைஞ்சவங்க வெளிய வரிசையில நிக்கிறாங்க. அது எங்க போச்சுன்னு உங்க கசர் பக்கத்தைப் புரட்டிப் பாருங்க."

மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் கட்வியிடம் வழியைச் சொன்னாள். "இருபத்தொன்பது வில்லையோட நீ வந்தே, நூத்தியெட்டு. உன் பக்கத்துல ஜீவி இருபத்தேழோட வந்தா, நூத்தியொண்ணு. ரெண்டு பேருக்கும் சேர்த்து இருநூத்தி ஒன்பது. நீ ஒரு வில்லையை அவ கையில குடுத்திருந்தா?"

கட்வி கண்ணை மூடிக் கணக்குப் போட்டாள். "ஆளுக்கு இருபத்தெட்டு. ஆளுக்கு நூத்தியஞ்சு. இருநூத்திப் பத்து." கண்ணைத் திறந்தாள். "அடியே! ஒரு ரூபா எங்கிருந்துடி வந்துச்சு?"

"எங்கிருந்தும் வரல. போகாம நின்னுச்சு. நாலு நாலா வந்தா கால் இல்ல. கால் இல்லாத இடத்துல அவங்க எதை வெட்டுவாங்க?"

அன்று மாலை ஜன்னல் திறப்பதற்குக் கால்மணி முன்னால் ஒன்பது வரிசையிலும் ஒன்பது முந்தானைகள் விரிந்தன. நாலின் மடங்குக்கு மேலே மிஞ்சிய வில்லைகள் எல்லாம் அதில் விழுந்தன. நாலு நாலாகக் கட்டி, இன்று இவளுக்கு, நாளை அவளுக்கு என்று சீட்டுப் பணம்போல முறை வைத்துக் கொடுத்தார்கள். யார் யாருக்கு எத்தனை வில்லை தர வேண்டும் என்பதை எந்தத் தாளிலும் எழுதவில்லை. பத்து நாள் கழித்தும் ஒரு வில்லை தவறவில்லை. படிக்காத கூட்டம் என்று அவர்களைப் பற்றிப் பேசுபவர்கள் ஒரு மாலை அந்த முந்தானையின் ஓரத்தில் போய் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

முதல் நாள் நூற்று முப்பத்தேழே காலாக இருந்த கசர், அன்று மூன்றே காலாக இளைத்தது. வரிசைக்கு ஒருத்தி மட்டும் மிச்ச வில்லையோடு வந்தாள்.

பதினோராம் நாள் மேத்தாஜி கசர் பக்கத்தைச் சேட்டிடம் காட்டினார். தொகைக்காகச் சேட் கோபப்பட்டார் என்று நினைக்கக்கூடாது. தினம் நூற்று முப்பது ரூபாய் அவர் வீட்டு நாய்க்குப் பால் வாங்கும் காசு. சீவுகிறவர்கள் தங்களுக்குள் கணக்குப் போட்டு அவருடைய உத்தரவை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்களே, அதுதான் அவரைச் சுட்டது. இரண்டு நாளில் எல்லா வில்லைகளிலும் பெண்களின் எண்கள் பொறிக்கப்பட்டன. ஒருத்தியின் வில்லையை இன்னொருத்தி கொடுத்தால் அன்றைய கூலி இல்லை என்று பலகையில் எழுதி மாட்டினார்கள். பிறகு மோங்கியை அழைத்தார்.

"உக்காரு மோங்கிபென். மகளுக்குக் கட்டணம் எப்போ கட்டணும்?"

"மார்ச்சுல."

"அதை நான் பாத்துக்கிறேன். நீ ஜன்னல் வேலையை மட்டும் பாரு. முழு ரூபாய் எழுது, முழு ரூபாய் குடு. யாருக்கும் பாடம் நடத்தாதே."

"சேட், முழு ரூபாய்தான் குடுப்பேன்னா சரி. மிச்சத்தைப் பேரேட்டுல பாக்கின்னு எழுதுறேன். சனிக்கிழமை கூட்டினா நாலு கால் ஒரு ரூபாயாயிடும். காசுதான் செத்துச்சு. கூட்டல் சாகல."

"முந்நூத்தி அறுபது பேருக்குத் தினம் பாக்கி எழுதிக்கிட்டு உக்காந்திருப்பியா?"

"எழுதுறது என் கை. எனக்கு வலிக்கல."

சேட்டின் குரல் மாறியது; மரியாதைக்கு ஒட்டியிருந்த பென் உதிர்ந்தது. "மோங்கி, நாளைக்கு நான் சொன்னபடி எழுதினா ஜன்னல்ல இரு. இல்லேன்னா கத்தியை எடுத்துக்கிட்டுக் குவியலுக்குப் போ."

சம்பள நாற்காலிக்கும் வெங்காயக் குவியலுக்கும் நடுவே மாதத்துக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாய் வித்தியாசம். மார்ச்சுக்கு ஆறு வாரம். அவள் அன்று இரவு சமைக்கும்போதும் அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தாள். விடை ஒவ்வொரு தடவையும் அதேதான் வந்தது. அவளும் ஒவ்வொரு தடவையும் அதே முடிவுக்குத்தான் வந்தாள்.

மறுநாள் மாலை ஜன்னலைத் திறந்தவள், பேரேட்டில் கடைசிப் பத்திக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தாள். மேலே 'பாக்கி' என்று எழுதினாள். பிறகு ஒவ்வொருத்திக்கும் கேட்கும்படி, முற்றம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

"கட்வி, முப்பத்தொண்ணு. கையில நூத்திப் பதினாறு. பாக்கி கால். ரேகை வை."

"ஜீவி, முப்பது. கையில நூத்திப் பன்னிரண்டு. பாக்கி அரை. ரேகை வை."

பாக்கி இல்லாதவர்கள் சுழிக்கு எதிரே, மற்றவர்கள் பாக்கிக்கு எதிரே என்று முந்நூற்று அறுபது பேரும் கட்டைவிரலை அழுத்திவிட்டுப் போனார்கள். பேரேட்டின் பக்கங்களுக்கு எண் உண்டு; கிழித்தால் தெரியும். ஜன்னலைச் சாத்திவிட்டு, தன் தட்டையும் கோப்பையையும் கழுவித் துணியில் சுற்றிக்கொண்டு, யாரும் சொல்வதற்கு முன்பே அவள் வெளியே வந்தாள்.

அடுத்த நாள் காலை கத்தியோடு குவியலில் உட்கார்ந்தாள். ஒன்பது வருஷம் கழித்து அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கட்வி முழங்கையால் இடித்தாள்.

"அழாதடி. ஜன்னல் போனா போகுது."

"வெங்காயம்டி. ஒரு வாரம் ஆகும், நின்னுடும்."

"தெரியும். சும்மா சொல்லிப் பாத்தேன்."

மாலை ஐந்தரைக்கு அவளிடம் இருபத்தொன்பது வில்லை. முப்பதாவது கூடை பாதி சீவியிருந்தது. கத்தியைத் துடைத்துவிட்டு எழுந்தாள். வரிசையில் முதல் இடத்தை அவளுக்கு விட்டார்கள். ஜன்னலில் சேட்டின் அண்ணன் மகன் பராக், கையில் கால்குலேட்டர். அவனுக்குப் பின்னால் மெத்தையில் மேத்தாஜி. கதவோரம் சேட், கண்ணில் கைக்குட்டை.

"இருபத்தொன்பது. நூத்தியெட்டு ரூபாய்" என்றான் பராக்.

"மிஷின்ல என்ன காட்டுது பராக்பாய்?"

அவன் கால்குலேட்டர்மேல் உள்ளங்கையை வைத்து மூடினான். "அது எதுக்கு? நூத்தியெட்டு."

"சரி, மிஷின் வேண்டாம்." மோங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துச் சத்தமாகக் கேட்டாள்: "மேத்தாஜி! இருபத்தொன்பது போணா சார் எவ்வளவு?"

மேத்தாஜி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. யோசிக்கவும் இல்லை. யோசித்திருந்தால் வாயைப் பூட்டியிருப்பார். ஆனால் அந்த நாக்குக்கு ஒரு எண்ணைக் கேட்டால் விடை சொல்லித்தான் பழக்கம்.

"நூறும், கால் குறைய ஒன்பதும்" என்றது நாக்கு.

இந்த ஊர் மொழியில் நூற்று எட்டே முக்காலைச் சொல்ல எட்டு என்ற சொல்லே வராது, ஒன்பதுதான் வரும். பூட்டிய நூற்றெட்டை நாற்பத்தோரு வருஷ வாய்ப்பாடு எல்லோர் முன்னாலும் திறந்துவிட்டது.

"கேட்டீங்களாடி? ஒன்பதாம்!" கட்வி கத்தினாள். "மேத்தாஜி, எனக்கு முப்பத்திமூணு! முப்பத்திமூணு போணா சார்?"

"நூறும், கால் குறைய இருபத்தி..." மேத்தாஜி இந்தத் தடவை பாதியில் கடித்துக்கொண்டார்.

"நாலு!" என்று மீதியை வரிசை சொன்னது. அதற்குப் பின் யாரும் முறைக்குக் காத்திருக்கவில்லை. "இருபத்தஞ்சு!" "கால் குறையத் தொண்ணூத்தி நாலு!" "முப்பத்தேழு!" "நூறும், கால் குறைய முப்பத்தொன்பதும்!" ஒருத்தி எண்ணைச் சொல்ல, நாற்பது பேர் விடை சொன்னார்கள். பள்ளிக்கூடம் அவர்களைப் பானையருகே வரவிடவில்லை. வாய்ப்பாடு அதையெல்லாம் பார்த்து வருவதில்லை.

"வாயை மூடுங்க எல்லாரும்! மேத்தாஜி, நூத்தியெட்டுன்னு சொல்லித் தொலைங்க!" என்று கத்தினார் சேட்.

மேத்தாஜி பேனாவைக் கீழே வைத்தார். அவர் நல்லவரில்லை. பதினாலு நாளாகக் கசர் பக்கத்தை அவர்தான் எழுதினார். ஆனால் தப்பான பெருக்கலை வாயால் சொல் என்று அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

"சேட், எழுதாதேன்னா எழுதாம விட்டுடுவேன். ஆனா இருபத்தொன்பது போணா சார் நூத்தியெட்டுன்னு என்னால சொல்ல முடியாது. உங்க அப்பா கேட்டிருந்தாலும் முடியாது."

"சேட்!" மோங்கியின் குரல் இப்போது தணிந்திருந்தது. "பாக்கி எழுதின பக்கம் உள்ள இருக்கு. முந்நூத்தி அறுபது ரேகை இருக்கு. இன்னைக்கும் எழுதச் சொல்லுங்க, போயிடுறோம். எழுதலேன்னா இந்த ரூபாயை யாரும் தொடமாட்டோம். நாளைக்குக் கத்தியையும் தொடமாட்டோம். வாசல்ல பன்னிரண்டு லாரி வெங்காயம் வெயில்ல நிக்குது. அது முளைக்கிறதுக்கு எத்தனை நாளாகும்னு எங்களைவிட உங்களுக்கு நல்லாத் தெரியும்."

"ஒரு பாவ்லிக்காகவா?" சேட்டின் கண் சிவந்திருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

"உங்களுக்கும் அதே பாவ்லிதானே. நீங்க விடுங்க."

பராக் சித்தப்பாவைப் பார்த்தான். சித்தப்பா லாரிகளைப் பார்த்தார். மேத்தாஜி யாரையும் பார்க்காமல் எழுந்து வந்து, பேரேட்டைத் தன் பக்கம் இழுத்து, மோங்கி இழுத்திருந்த கோட்டைக் கீழே வரை நீட்டினார். அவள் பெயருக்கு எதிரே முக்கால் என்று எழுதினார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பாக்கியைக் கூட்டினார்கள். சேர்ந்த முழு ரூபாய் கைக்கு வந்தது. மிஞ்சியது அடுத்த வாரத்துக்குப் போனது. முதல் பதினாலு நாள் கசரில் போனதையும் மேத்தாஜி இரண்டு தவணையாகத் திருப்பி எழுதினார். ஜன்னலை மட்டும் சேட் திருப்பித் தரவில்லை. அவளும் கேட்கவில்லை. மார்ச்சில் காதிலிருந்த தோட்டை விற்று மகளுக்குக் கட்டணம் கட்டினாள். இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதில்லை. வருத்தம் ஒரு பக்கம் இருந்தது, சரியான கூட்டல் இன்னொரு பக்கம் இருந்தது. இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துக்கொள்ளக்கூடாது என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மே மாதக் கடைசிச் சனிக்கிழமை பருவம் முடிந்தது. எல்லோருக்கும் கணக்குத் தீர்த்தார்கள். மிச்சக் கால், அரை, முக்காலுக்கெல்லாம் முழு ரூபாயாகக் கொடுத்துவிடும்படி சேட் சொல்லியிருந்தார், வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மோங்கியின் முறை வந்தது. எல்லாம் போக அவளுக்குப் பாக்கி இருபத்தைந்து காசு. சேட்டே ஒரு ரூபாய் நாணயத்தை ஜன்னல் விளிம்பில் வைத்தார், முன்பு அவளுடைய தனிக்குவளை கவிழ்ந்திருந்த அதே இடத்தில்.

"எடுத்துக்கோ. கணக்கு தீர்ந்துச்சு."

"எனக்கு வரவேண்டியது நாலணா. மிச்சம் பன்னிரண்டணா யாருது?"

"வச்சுக்கோன்னு சொல்றேன்ல."

"நீங்க எடுத்தப்போ தப்புன்னு சொன்னேன். நான் எடுத்தா மட்டும் எப்படிச் சரியாகும்? தர்மம் வேண்டாம் சேட். பாக்கின்னு எழுதச் சொல்லுங்க."

"இவளுக்கு நிஜமாவே பாவ்லி குறைவு" என்றார் சேட், பராக்கைப் பார்த்து.

"ஆமா சேட்" என்றாள் மோங்கி. "அந்தப் பாவ்லி உங்ககிட்டதான் இருக்கு."

தீபாவளி கழிந்து ஐந்தாம் நாள், புதுக் கணக்குத் திறக்கும் லாப பஞ்சமி. சீவுகிற பெண்களும் வந்து, பருவம் எப்போது தொடங்கும் என்று கேட்டுவிட்டு, ஆளுக்கொரு துண்டு மோகன்தால் வாங்கிப் போவது வழக்கம். மோங்கியும் போனாள். இனிப்பைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு, "புதுப் பேரேட்டைக் காட்டுங்க மேத்தாஜி" என்றாள்.

மேத்தாஜி சிவப்புத் துணி அட்டை போட்ட புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிவைத்தார். முதல் பக்கத்தில் குங்குமம். அதன்கீழ் எல்லாக் கடைப் புத்தகத்திலும் எழுதுகிற வேண்டுதல்: லாபம் ஒன்றேகால் மடங்காகட்டும். போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் மேலே ஒரு பாவ்லி வேண்டும் என்று வருஷா வருஷம் லட்சுமியிடம் கேட்கிறார்கள். அவள் எந்த ஊரிலும் பாவ்லி அச்சடிப்பதாகத் தெரியவில்லை. ஒரு பக்கம் கூடினால் இன்னொரு பக்கம் குறைய வேண்டும். இது ஒன்றாம் வகுப்புக் கணக்கு.

அடுத்த பக்கத்தில் பழைய பாக்கிகள். வங்கி, லாரிக்காரர், சாக்குக் கடை. எல்லாவற்றுக்கும் கீழே, ஒரே கையெழுத்தில்: மோங்கி, வண்கர் தெரு, கொடுக்க வேண்டியது 0.25.

அவள் விரலை வைத்து வாசித்தாள். "சரியா இருக்கு."

கதவருகே சேட் நின்றிருந்தார். அன்று வெங்காயம் இல்லை, கண் உலர்ந்திருந்தது. "அந்த நாலணாவை இன்னும் எத்தனை வருஷத்துக்கு என் புத்தகத்துல இழுத்துக்கிட்டு வரப்போறே மோங்கி?"

"வருஷம் எதுக்கு சேட்? ஜனவரியில முதல் கூடையைச் சீவிக் குடுப்பேன். நாலுக்குக் கால் குறைவா கூலி எழுதுவீங்க. இந்தக் காலையும் அதோட சேர்த்தா முழு நாலு. அன்னைக்கு அடிச்சிடுங்க." மோங்கி செருப்பை மாட்டிக்கொண்டாள். "அதுவரைக்கும் நான் உங்க புத்தகத்துல இருப்பேன்."